மணலைப் பிடித்து வைக்கும் கொடி

(கடற்கரைக் கிராமம் ஒன்றின் வாசிப்பு வட்டத்தில் பேசிய பேச்சு)



கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. அதில் நீங்கள் எனக்கு வாத்தியார்கள். காற்று திரும்புவதும் நீவாடு மாறுவதும் முகத்தில் படும் ஈரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் பேச வந்தது கடலைப் பற்றி அல்ல. கடலுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற மணல்மேட்டைப் பற்றி.

அந்த மேட்டை நாம் அதிகம் பார்ப்பதில்லை. ஏறி இறங்குகிறோம். வலை காயப் போடுகிறோம். கருவாடு உலர்த்துகிறோம். அதன் மேல் என்ன முளைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால், "அது என்னமோ கொடி, முள்ளு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் ஒரு பாடம் படித்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது 24 வயது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனேன். பள்ளிக்கூடம் மணல்மேட்டை ஒட்டி இருந்தது. பிள்ளைகளுக்கு விளையாட இடம் இல்லை. மேட்டின் ஒரு பக்கம் முழுக்க அடப்பங்கொடி படர்ந்து கிடந்தது. அதற்கு மேலே இராவணன் மீசை. காலில் குத்தினால் ரத்தம் வரும். நான் என்ன செய்தேன்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் பாடுபட்டுக் கொடியைப் பிடுங்கினேன். முள்ளை வெட்டிக் கொளுத்தினேன். மேட்டை வாரி மட்டம் செய்தேன். அருமையான கபடிக் களம். எனக்கு ஒரே பெருமை.

மழைக்காலம் வரை ஒன்றும் இல்லை. தை முடிந்து மாசி பிறந்தது. கொண்டல் காற்று காய்ந்த மணலைத் தூக்கியது. முதலில் திண்ணையில் மணல். பிறகு வகுப்பறைக்குள் மணல். சித்திரையில் ஒரு பக்கத்து ஜன்னலைத் திறக்க முடியவில்லை. வெளியே மணல் அவ்வளவு உயரம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் சிலேட்டை எடுப்பதற்கு முன்னால் துடைப்பத்தை எடுத்தார்கள். ஒரு பெரியவர் வந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியாரே, மேட்டைக் கட்டிப் போட்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டீரு. அது இப்போ நடக்குது."

அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை. மணல்மேடு நடக்கும். எப்படி நடக்கிறது, எது அதைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

காய்ந்த மணலைக் காற்று எப்படிக் கொண்டுபோகிறது? தூசி போலப் பறக்கவிடுவதில்லை. மணல் துகள் கனமானது. காற்று மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் துகள் கிளம்பும். தத்தித் தத்தி, தவளை மாதிரிக் குதிக்கும். ஒரு துகள் விழுந்த இடத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடும். கடற்கரையில் காற்று நாளில் நின்றால் கணுக்காலில் சுருக்சுருக்கென்று குத்துகிறதே, அதுதான் இது. முகத்தில் அவ்வளவு படாது. துகள்கள் தரையை ஒட்டியே ஓடுகின்றன.

ஓடுகிற மணல் எங்கே நிற்கும்? ஏதாவது ஒன்று வழியை மறித்தால் நிற்கும். ஒரு உடைந்த மரத்துண்டு, ஒரு கிழிந்த வலை, ஒரு செத்தை போதும். அதன் மறைவில் காற்றின் வேகம் குறைகிறது. மணல் அங்கே இறங்கிவிடுகிறது. ஆனால் மரத்துண்டின் மேல் மணல் மூடிவிட்டால் அதோடு சரி. அதற்கு மேல் மேடு வளராது. மரத்துண்டுக்கு எழுந்து நிற்கத் தெரியாது. செடிக்குத் தெரியும். மூட மூட அது மேலே வரும். மணல்மேட்டின் ரகசியம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

ஆனால் கடலோர மணலில் ஒரு செடி பிழைப்பது லேசான காரியமா? யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் மத்தியான நேரம் நாம் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். மணலில் சத்து கிடையாது. காற்றோடு உப்புச் சாரல் வந்து இலையில் படியும். இன்று வேரை மூடும் மணல் நாளை வேரை வெளியே காட்டிவிடும். வயலில் வளரும் எந்தப் பயிரையும் அங்கே கொண்டு வையுங்கள். ஒரு வாரம் தாங்காது.

அங்கே முதலில் குடியேறும் தைரியசாலிதான் அடப்பங்கொடி. அடம்பு என்றும் சொல்வார்கள். சங்க காலப் புலவர்கள் இதை அடும்பு என்று பாடியிருக்கிறார்கள். நெய்தல் நிலம் என்றால் இந்தக் கொடி இல்லாமல் இல்லை. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு போல இருக்கும். காலையில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூ விரியும். வெயில் ஏறினால் வாடிவிடும். சொறி மீன் பட்டு உடம்பு எரிந்தால் இதன் இலையை அரைத்துப் போடும் வழக்கம் மீனவர்களிடம் உண்டு.

இந்தக் கொடி இங்கே எப்படி வந்தது? கடல் வழியாக வந்தது. இதன் விதை தண்ணீரில் மிதக்கும். தோல் கெட்டி. மாதக்கணக்கில் கடலில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் உயிர் போகாது. அதனால்தான் உலகத்தில் வெப்பமான நாடுகளின் கரைகளில் எல்லாம் இதே கொடி இருக்கிறது. ஒடிசாவில் பூரி கடற்கரைக்குப் போனாலும் இருக்கும். கோவாவுக்குப் போனாலும் இருக்கும். பாஸ்போர்ட் கேட்காமல் கடல் இதை எல்லா ஊருக்கும் ஏற்றி அனுப்பியிருக்கிறது.

கரையில் ஒதுங்கிய விதை மழை கண்டதும் முளைக்கிறது. கொடி கடலைப் பார்த்து ஓடுகிறது. 30 அடிக்கு மேலும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஒரு இடத்தில் அறுத்தாலும் மற்ற இடத்தில் பிழைத்துக்கொள்ளும். மணல் வந்து கொடியை மூடினால் நுனி மேலே எழும். மறுபடியும் மூடினால் மறுபடியும் எழும். மணலும் கொடியும் இப்படிப் போட்டி போட்டுக்கொண்டே உயர்கின்றன. ஒரு முழ உயரத்துக்கு ஒரு சின்ன மேடு பிறக்கிறது.

அடுத்து வருவது இராவணன் மீசை. பெயர் வைத்தவர் ரசிகர். விறைப்பான, கூரான இலைகள். மாடு மேயாது. ஆடு கிட்டே போகாது. நாமும் போகமாட்டோம். இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் ஒரு முள் பந்து போல இருக்கும். முற்றினால் கழன்று விழும். காற்று அடித்தால் கரை முழுக்க உருண்டு ஓடும். நம் பிள்ளைகள் துரத்தி விளையாடுவார்களே, அதேதான். உருளும் இடமெல்லாம் விதை சிந்தும். விதையை மட்டும் இது நம்புவதில்லை. தண்டும் மணலில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். அடப்பங்கொடி மணலைப் படுக்க வைக்கிறது என்றால், இராவணன் மீசை அதை எழுப்பி நிறுத்துகிறது. மேடு ஆள் உயரம் தாண்டுவது பெரும்பாலும் இதன் வேலை.

இவற்றோடு வேறு சிலதும் சேரும். தரையோடு தரையாகப் படரும் காட்டு அவரை ஒன்று உண்டு. உளுந்து, பயறு போல இதன் வேரிலும் முடிச்சுகள் இருக்கும். காற்றில் உள்ள தழைச்சத்தை அது மண்ணுக்குக் கொண்டுவரும். எழுத்தாணிப் பூண்டு என்று மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சிறு செடியும் மணலில் கிடக்கும். இந்த வட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அந்தப் பெயரையாவது மறக்கமாட்டீர்கள்.

சரி, இப்போது மேட்டின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்குவோம். என்ன மாறுகிறது? காற்றடி குறைகிறது. உப்புச் சாரலை முன்வரிசை தாங்கிக்கொள்கிறது. மணல் அவ்வளவாக ஓடுவதில்லை. விழுந்த இலை அங்கேயே மக்குகிறது. வெள்ளை மணல் கொஞ்சம் கறுக்கிறது. கையில் அள்ளினால் லேசாக ஒட்டும். மழைக்குப் பிறகு மார்கழி, தை மாதங்களில் அங்கே சின்னச் சின்னப் புல்லும் கோரையும் கிளம்பும். கோடையில் காய்ந்து அதே மண்ணுக்கு உரமாகும். கொழுஞ்சி வரும். வயலில் தழை உரத்துக்கு நாம் போடுகிற அதே கொழுஞ்சிதான். யாரும் விதைக்காமல் இங்கே அதே வேலையைச் செய்கிறது.

பிறகு புதர்கள். எருக்கின் விதையைப் பஞ்சோடு காற்று கொண்டுவருகிறது. களா, சங்கஞ்செடி போன்றவற்றின் பழத்தைத் தின்ற பறவை விதையை எச்சத்தோடு போடுகிறது. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பறவை உட்கார ஒரு கிளை வேண்டும். கிளை இல்லாத வெறும் மணலில் அது ஏன் உட்காரப் போகிறது? ஒரு எருக்கு வளர்ந்த பிறகுதான் அதன் அடியில் களா முளைக்கிறது. முதலில் வந்தவன் பின்னால் வருபவனுக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிறான். பள்ளத்தில் ஈரம் இருக்கும் இடத்தில் தாழை அடர்ந்து நிற்கும். அதற்கும் பின்னால் பனை, பூவரசு, புன்னை.

நன்றாக முதிர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் கோடிக்கரைக்குப் போங்கள். 1967-ஆம் ஆண்டு முதல் அது வனவிலங்குச் சரணாலயம். அங்கே பழைய மணலின் மேல் காடே நிற்கிறது. இலை உதிராத குட்டையான காடு. பாலை மரம் அதில் முக்கியம். பாலப்பழம் தின்றவர்களுக்கு அந்த ருசி தெரியும். வேதாரண்யம் பக்கம் கடல் விட்டுச் சென்ற பழைய மணல் வரப்புகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் ஒவ்வொரு வரப்பும் கரையோரமாக இருந்தது.

அமெரிக்காவில் கவுல்ஸ் என்று ஒரு தாவர அறிஞர் இருந்தார். மிச்சிகன் என்ற பெரிய ஏரிக்கரையின் மணல்மேடுகளை ஆராய்ந்து 1899-இல் எழுதினார். தண்ணீர் ஓரத்திலிருந்து உள்ளே நடக்க நடக்க நாம் பழைய காலத்துக்குள் போகிறோம் என்பது அவர் கண்ட விஷயம். ஓரத்தில் நேற்றுப் பிறந்த மேடு. உள்ளே பாட்டன் காலத்து மேடு. நல்ல கருத்து. ஆனால் நம் கரையில் ஒரு திருத்தம் வேண்டும். கடல் விலகாத இடத்தில் முன்வரிசைக்கு வயதே ஆவதில்லை. உப்பும் காற்றும் அங்கே ஓயாததால் இன்றைக்கும் அடப்பங்கொடி, ஐம்பது வருஷம் கழித்தும் அடப்பங்கொடிதான். அதன் பின்னால் இருப்பவைதான் மாறுகின்றன.

அதுவும் நேராக முன்னேறும் என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகைப் புயல் ஒன்று வந்தால் முன்மேடு பாதி கரைந்து கடலுக்குப் போகும். மறுபடியும் விதை ஒதுங்க வேண்டும், மறுபடியும் கொடி ஓட வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கோடிக்கரைக் காட்டில் பெரிய மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது. எது முந்தி வருகிறதோ அது பிடித்துக்கொள்ளும். சீமைக் கருவேல் முந்திவிட்டால் பாலைக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

என்ன பாட்டி? சவுக்கா? ஆமாம், நல்ல கேள்வி. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். "இத்தனை சொல்றீரே, எங்க கரை முழுக்க நிக்கிற சவுக்கைப் பத்திச் சொல்லலியே" என்று கேட்கிறார்கள்.

சவுக்கு நம் கரையில் தானாக முளைத்தது அல்ல. நாம் கொண்டுவந்து நட்டது. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பெரிய அளவில் நடத் தொடங்கினார்கள். பிறகு காற்றுத் தடுப்புக்காகவும் நட்டார்கள். அதன் வேரிலும் தழைச்சத்து தரும் முடிச்சு உண்டு. சீக்கிரம் வளரும். அடுப்புக்கும் பந்தலுக்கும் உதவும். எத்தனையோ குடும்பம் அதில் பிழைத்திருக்கிறது. அதைக் குறை சொல்லிவிட்டு நான் இங்கிருந்து போக முடியாது. ஆனால் அதன் ஊசிச் சருகு கனமாக விழுந்து தரையை மூடும். அடியில் மற்றச் செடி அதிகம் வராது. அடப்பங்கொடி வெயில் விரும்பி. நிழலில் மெலிந்துபோகும். தண்ணீர் ஓரம் வரை சவுக்கை நட்டால் பங்குனி ஆமைக்கு முட்டையிட இடம் இருக்காது. ஒரு ஆமை ஒரு தடவைக்கு சுமார் 100 முட்டை இடும். அதற்குத் திறந்த மணல் வேண்டும். ஒடிசாவில் ருஷிகுல்யா ஆற்று முகத்துக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் ஆமைகள் ஏறி வருவதைப் பார்த்திருப்பார்கள். புயலிலும் சவுக்கு சாயும். 2019 மே 3-இல் ஃபானி புயல் பூரி அருகே அடித்தபோது பூரிக்கும் கோனார்க்குக்கும் இடையே சவுக்குத் தோப்புகள் தோப்புகளாக விழுந்தன. ஆகவே என் கருத்து இது: சவுக்கு இருக்கட்டும், மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். மேட்டின் முகத்தை மட்டும் கொடிக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கிராமசபையில் ஒரு பேச்சு வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். மேட்டை நடுவில் வெட்டி நேராக ஒரு வழி போட வேண்டும். வண்டி தண்ணீர் வரை போக வேண்டும். வெட்டின மணலையும் விற்றுக்கொள்ளலாம். இதுதான் பேச்சு. உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஐஸ் பெட்டியையும் இன்ஜினையும் தோளில் தூக்கி மேடு ஏறுகிறவர்களிடம் "செடியைப் பார்" என்று சொல்வது எளிது. ஆனால் இரண்டு விஷயம் கேளுங்கள்.

ஒன்று தண்ணீர். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உங்கள் ஊற்றில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? மழைத் தண்ணீர் மேட்டு மணலில் இறங்குகிறது. அடியில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல் உப்புத் தண்ணீரின் மேல் அது மிதக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பை அது அழுத்தி வைக்கும். மேட்டை அள்ளினால் மழையைப் பிடித்து வைக்கும் இடம் குறையும். மேலே 1 அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும். குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடக்கப்போவது யார் என்று பெண்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, 2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பிறகு தமிழ்நாட்டுக் கரையை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். உயரமான மணல்மேடு முழுசாக இருந்த இடங்களில் அது தண்ணீரைத் தாங்கியது. ஆற்று முகத்திலும் மேடு அறுபட்ட இடைவெளியிலும் தண்ணீர் புகுந்து உள்ளே ஓடியது. எல்லா மேடும் எல்லா அலையையும் நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேராக வெட்டிய வழி, அலைக்கும் காற்றுக்கும் நாமே திறந்து வைத்த வாசல்.

சட்டமும் இருக்கிறது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மணல்மேட்டை வெட்டிச் சீர்செய்வதைத் தடை செய்தது. 2011, 2019 அறிவிக்கைகள் மணல்மேடுகளை மிகவும் பாதுகாக்க வேண்டிய முதல் வகையில் சேர்த்தன. கிராமசபையில் இதை எழுந்து நின்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது படிக்கவும் தெரியும்.

அப்படியானால் வழியே வேண்டாமா? வேண்டும். காற்றடிக்கும் திசைக்கு நேராகப் போடாமல் மேட்டின் மேல் சாய்வாக, வளைத்துப் போடுங்கள். வெட்டாமல், மேட்டின் மேலேயே பலகையோ பனந்துண்டோ பரப்புங்கள். ஊருக்கு ஒரே வழி போதும். ஆளுக்கொரு ஒற்றையடிப் பாதை போட்டால் ஒவ்வொன்றிலும் கொடி மிதிபட்டுச் செத்து, அங்கே காற்று பள்ளம் பறிக்கும். கோவாவில் சுற்றுலா விடுதிகள் வந்த கரைகளில் மேடுகள் மட்டமாகிப் போன கதை பலருக்கும் தெரிந்ததுதான். அங்கே விடுதிக்காரர் இடம் மாறிப் போகலாம். நீங்கள் எங்கே போவீர்கள்?

என் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர்தான் வழி சொன்னார். பனைமட்டையை வரிசையாக நட்டுக் குட்டை வேலி போட்டோம். வேலிக்குப் பின்னால் மணல் சேர்ந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் பக்கத்து மேட்டிலிருந்து அடப்பங்கொடியை, நான்கைந்து கணு இருக்கும்படி துண்டு துண்டாக அறுத்து வந்து, நுனியை மட்டும் வெளியே விட்டுப் புதைத்தோம். பாதிக்கு மேல் பட்டுப்போனது. அடுத்த வருஷம் மறுபடியும் வைத்தோம். மூன்றாவது வருஷம் கபடிக் களம் போய்விட்டது. ஜன்னல் திறந்தது. பிள்ளைகளுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்தான். நான்காவது வருஷம் மேட்டின் பின்பக்கம் ஒரு எருக்கு முளைத்தது. அதை யாரும் நடவில்லை.

நாளைக் காலை 6 மணிக்கு இங்கிருந்து தண்ணீர் ஓரம் வரை போய், அங்கிருந்து கோயில் வரை நடக்கப்போகிறோம். வழியில் பார்க்கிற ஒவ்வொரு செடியின் பெயரையும், இந்த ஊரில் நீங்கள் சொல்கிற பெயரிலேயே எழுதவேண்டும். அந்தத் தாளைக் கிராமசபைக்குக் கொண்டுபோகலாம். பெயர் தெரியாததற்குப் பாட்டியைக் கேட்டுக்கொள்வோம். பென்சில் கொண்டுவாருங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், இராவணன் மீசை குத்தும்.